தொண்டு இருக்கட்டும் டாக்டர், கையெழுத்துப் போடுவீர்களா?

போன வாரம் திருநகரில் இருந்து ஒரு தம்பி வந்து அழைப்பிதழ் கொடுத்தார். வழுவழுப்பான அட்டை, தங்க நிற எழுத்து. ஊரில் பேர் பெற்ற மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், ஆடிட்டர்கள், கட்டடப் பொறியாளர்கள், கல்லூரி முதல்வர்கள் ஆகியோருக்கு 'தொண்டுத் தலைமை' பற்றி ஒருநாள் பயிலரங்கு. சென்னையில் இருந்து பயிற்சியாளர் வருகிறார். ஏசி மண்டபம், மதியம் சாப்பாடு, மாலையில் சான்றிதழ். தலைவன் என்பவன் முதலில் தொண்டன், பணிவிடை செய்யத் தெரிந்தவனே வழிநடத்தத் தகுதியுள்ளவன் என்று உள்பக்கத்தில் நாலு வரி.

"அண்ணே, இந்த மாதிரி பெரிய ஆளுகளத் திட்டுறதுதான் உங்க வேலை. இப்ப அவங்களே சமுதாயத்துக்கு எதாச்சும் செய்யணும்னு எறங்கி வர்றாங்க. இதுல என்னண்ணே தப்பு?" என்று கேட்டார் தம்பி.

தப்பு என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கி, கழிப்பறை கழுவி, எச்சில் இலை எடுக்கப்போகிற அக்காமார்கள் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவார்கள். பணிவிடை செய்கிறவர்தான் தலைவர் என்றால், அன்று அந்த மண்டபத்தில் இருக்கப்போகும் ஆகப் பெரிய தலைவர்கள் அவர்கள்தானே? அவர்களில் ஒருவர் மைக் பிடித்து ஒரு மணி நேரம் பேச, டாக்டர்களும் வக்கீல்களும் குறிப்பெடுத்துக்கொள்வார்களா? மாட்டார்கள். அதிகம் போனால் கூப்பிட்டு ஒரு துண்டு போர்த்திப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தத் தத்துவம் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம். ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர், ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர், 1970இல் எழுதிய கட்டுரையில் இருந்து தொடங்குகிறது இது. ஹெர்மன் ஹெஸ்ஸே எழுதிய 'கிழக்கு நோக்கிய பயணம்' என்ற கதைதான் அவருக்குத் தூண்டுதல். ஒரு பயணக் குழுவுக்கு மூட்டை தூக்கி, எடுபிடி வேலை பார்க்கும் லியோ என்பவன் திடீரென்று காணாமல் போகிறான். அவன் போனதும் குழு சிதறிப்போகிறது. பிறகுதான் தெரிகிறது, அந்தப் பயணத்தை நடத்திய சபையின் தலைவனே அவன்தான் என்று. அழகான கதை. ஆனால் லியோ உண்மையிலேயே மூட்டை தூக்கினான் என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு லியோவின் கடைசி அத்தியாயம் மட்டும் வேண்டும். மூட்டை தூக்க வேறு ஆள் இருக்கிறது.

அமெரிக்க முதலாளிக்கு 'பணியாளாக இரு' என்று சொன்னால் அது ஓர் உவமை. இங்கே அது உவமை இல்லை. சூத்திரனின் ஒரே கடமை மற்ற மூன்று வருணத்தாருக்கும் ஊழியம் செய்வது என்று எழுதி வைத்த நாடு இது. அந்த நான்குக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கோ, ஊழியம்கூட ஊருக்கு வெளியே இருந்துதான். பறையடிக்க ஒருவர், பிணம் எரிக்க ஒருவர், துணி வெளுக்க ஒருவர், மலம் அள்ள ஒருவர் என்று பிறப்பிலேயே 'சேவை' ஒதுக்கிக் கொடுக்கப்பட்ட மண்ணில் ஒருவர் மேடையேறி "நான் உங்கள் சேவகன்" என்றால், முதலில் தோன்றுவது சிரிப்பு. பிறகு கோபம். சேவகனாக ஆக்கப்பட்டவனுக்கு இன்னொரு சேவகன் எதற்கு? இத்தனை நாள் செய்த சேவைக்குக் கணக்குத் தீர்க்கத்தான் அவனுக்கு ஆள் வேண்டும்.

இந்தச் சண்டை புதிது இல்லை. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தான கையோடு தீண்டாமை ஒழிப்புக்கென்று அகில இந்திய அளவில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. ஜி.டி. பிர்லா தலைவர், ஏ.வி. தக்கர் செயலாளர். அதுதான் பிறகு ஹரிஜன சேவா சங்கம் ஆனது. பெயரிலேயே 'சேவை' இருக்கிறது. அந்த நவம்பரில் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர், கப்பலில் இருந்தே தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். எங்கள் மக்களுக்குக் குளிக்கவும் குடிக்காமல் இருக்கவும் ஒழுக்கம் கற்றுக் கொடுப்பதுதான் வேலை என்று நினைக்காதீர்கள், தனி மனிதர்களைத் திருத்துவதைவிட அவர்களை நசுக்கும் சூழலை உடையுங்கள் என்பது அதன் சாரம். ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை, பள்ளிக்கூடத்தில் சேரும் உரிமை, சாவடியில் உட்காரும் உரிமை, வண்டியில் ஏறும் உரிமை என்று குடியுரிமைக்கான இயக்கமாகச் சங்கத்தை நடத்துங்கள், கலவரம் வந்தாலும் பின்வாங்காதீர்கள் என்றார். வேலைவாய்ப்பில் சம வாய்ப்பு கேட்டார். உங்கள் வீட்டுக்குள் எங்களை விருந்தாளியாக விடுங்கள் என்றார். சங்கத்தின் ஊழியர்களாக ஒடுக்கப்பட்டவர்களையே வையுங்கள், அவர்களுக்குத்தான் அந்த மக்கள் மேல் உண்மையான பாசம் இருக்கும் என்றார்.

கடிதம் கிடைத்தது என்றுகூட பதில் வரவில்லை என்று பின்னாளில் அம்பேத்கர் எழுதினார். காந்தி சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், கடன்பட்டவர்கள்தானே கடனை அடைக்க வேண்டும், அதனால் சங்கத்தை அவர்களே நடத்துவார்கள் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடன் எவ்வளவு, எப்போது, எந்தத் தவணையில் என்பதைக் கடன்காரனே முடிவு செய்துகொள்வான் என்றால் கடன் கொடுத்தவனுக்கு அங்கே என்ன இடம்?

தொண்டுத் தலைமை பற்றி நான் சொல்ல நினைப்பது எல்லாம் இந்த ஒரு கடிதத்துக்குள் இருக்கிறது. என்ன செய்யப்பட வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? செய்பவர் அதற்காக எதை இழக்கத் தயாராக இருக்கிறார்?

மதுரைக்காரர்களுக்கு உடனே ஒரு பெயர் நினைவுக்கு வரும். வழக்கறிஞர் வைத்தியநாத அய்யர். தமிழ்நாடு ஹரிஜன சேவா சங்கத்தின் தலைவராக இருந்தவர். 1939 ஜூலை 8ஆம் நாள் கக்கன் உள்ளிட்ட தலித் தோழர்களையும் சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். பட்டர்கள் கோயிலைப் பூட்டினார்கள், நாயுடு திறந்தார். சனாதனிகள் தனி வீட்டில் தனி மீனாட்சியை வைத்துக் கும்பிட்டார்கள். அய்யரைச் சொந்தச் சாதி ஒதுக்கியது. ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து நுழைந்தவர்களைப் பாதுகாக்க வேண்டியிருந்தது.

நம் தோழர்களில் சிலர் இந்தக் கதையைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். பார்ப்பனருக்கு எதற்குப் புகழ் என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த மனிதர் தன் தொழிலையும் உறவையும் பணயம் வைத்தார். ஒரு வழக்கறிஞரும் ஓர் அதிகாரியும் தங்கள் பதவியின் அதிகாரத்தை ஒரு பூட்டுக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள். இன்றைய அழைப்பிதழ்க்காரர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்? ஆனால் அதன் எல்லையும் தெரிய வேண்டும். அய்யர் கை பிடித்து அழைத்துப் போனார், அவர்கள் போனார்கள் என்றுதான் அந்தக் கதை இன்றும் சொல்லப்படுகிறது. தெருவும் கிணறும் நிலமும் ஊராட்சி நாற்காலியும் கோயில் வாசலுக்கு வெளியே அப்படியே இருந்தன. கக்கன் பிறந்த தும்பைப்பட்டி மேலூர்ப் பக்கம். அவர் உள்துறை அமைச்சராகவே ஆனார். அதே மேலூர் வட்டத்து மேலவளவில், தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவரான குற்றத்துக்காக முருகேசன், 1997 ஜூன் 30 அன்று, மதுரையில் இருந்து திரும்பிக்கொண்டிருந்த பேருந்தில் வைத்து மறிக்கப்பட்டு, தோழர்களோடு சேர்த்து வெட்டிக் கொல்லப்பட்டார். கோயில் கதவு திறந்து 58 ஆண்டுகளுக்குப் பிறகு.

அதற்குப் பின்னால் நடந்ததில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. வழக்கறிஞர் பொ. இரத்தினம் அந்த மக்களோடு நின்றார். வழக்கை உள்ளூர் அழுத்தத்தில் இருந்து வெளியே கொண்டுபோகப் போராடினார். 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்களில் 13 பேரை 2019இல் அரசு முன்கூட்டியே விடுவித்தபோது அதை எதிர்த்து மீண்டும் உயர்நீதிமன்றப் படி ஏறினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வழக்கு. இதில் எங்கே சான்றிதழ், எங்கே பொன்னாடை?

இன்னொன்று. கோகுல்ராஜ் கொலை வழக்கு 2015இல் நாமக்கல்லில் தற்கொலை என்ற கோணத்தில் தொடங்கியது. தாய் சித்ரா விடவில்லை. வழக்கை வேறு ஊருக்கு மாற்ற வேண்டும், எனக்கு நம்பிக்கையான வழக்கறிஞர் அரசுத் தரப்பில் வாதாட வேண்டும் என்று நீதிமன்றத்தில் நின்று கேட்டார். வழக்கு நம் மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு வந்தது. ப.பா. மோகன் வாதாடினார். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை. இங்கே தலைமை யாருடையது என்று சொல்லுங்கள். என்னைக் கேட்டால் சித்ராவுடையது. மூத்த வழக்கறிஞர் அவர் கேட்டதைச் செய்தார். கிரீன்லீஃப் சொன்ன சொல்லுக்குத் தமிழ்நாட்டில் பொருத்தமான பொருள் இதுவாகத்தான் இருக்க முடியும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளில் 4(5) என்று ஒரு விதி இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் பேர் பெற்ற மூத்த வழக்கறிஞர் ஒருவரை அவருக்காக வாதாட மாவட்ட ஆட்சியர் நியமிக்கலாம். விதி 17இன்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வுக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடி சாராத, தொண்டு நிறுவனங்களோடு தொடர்புள்ள மூன்று பேர் வரை உறுப்பினராக இருக்கலாம். சட்டமே நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. தொண்டு செய்யத் துடிக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் அந்த நாற்காலிக்குப் போட்டி போட்டு நான் பார்த்ததில்லை. கோயில் அறங்காவலர் குழுவுக்குப் போட்டி போட்டுப் பார்த்திருக்கிறேன். கிரிக்கெட் சங்கத்துக்குப் பார்த்திருக்கிறேன்.

தம்பியிடம் நான் சொன்னது இதுதான். இவர்கள் கையில் உள்ள பெரிய சொத்து பணம் இல்லை, நேரமும் இல்லை. கையெழுத்து.

ஒரு பையன் தலையில் ரத்தம் வழிய வருகிறான். ஆதிக்க சாதித் தெருவில் பைக்கை நிறுத்தாமல் ஓட்டினான் என்று அடித்திருக்கிறார்கள். மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதப்படுகிறது? 'தெரிந்த நபர்கள் தாக்கியதாகச் சொல்கிறார்' என்று எழுதினால் ஒரு வழக்கு. 'கீழே விழுந்ததாகச் சொல்கிறார்' என்று எழுதினால் வேறு வழக்கு, அல்லது வழக்கே இல்லை. சாதாரணக் காயமா, கொடுங்காயமா என்ற ஒரு சொல்லில் பிணை கிடைப்பதும் கிடைக்காததும் தொங்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தனியார் மருத்துவமனை ஒன்றின் வாசலில் இருந்து, "இது போலீஸ் கேஸ், எங்களுக்கு எதுக்கு வம்பு, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டது. அந்த மருத்துவமனை மாதம் ஒருமுறை இலவச முகாம் நடத்துகிறது. முகாமில் அதே பையனுக்கு சர்க்கரை பார்ப்பார்கள். அடி வாங்கி வந்தால் பார்க்க மாட்டார்கள்.

பொறியாளர் போடும் எஸ்டிமேட்டில் ஒரு கையெழுத்து. ஊருக்கு ஒரு சுடுகாடு, காலனிக்கு ஒரு சுடுகாடு என்று இரண்டுக்கும் தனித்தனிப் பாதை வரைந்து தருவது யார்? பொறியியல் படித்த ஒருவர்தான். "ஊர் கேக்குது, நான் என்ன செய்ய" என்பார். ஆடிட்டர் கையெழுத்து இல்லாமல் எந்தச் சாதிச் சங்க அறக்கட்டளையும் கல்யாண மண்டபமும் ஓர் ஆண்டுகூட ஓடாது. தலைமை ஆசிரியர் கையெழுத்தில் இருக்கிறது, கையில் சாதிக் கயிறு கட்டிவந்த பையனை என்ன செய்வது என்பது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சின்னத்துரையை வீடு புகுந்து வெட்டியது அவன் கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு, பள்ளி கல்லூரிகளில் சாதியை ஒழிக்க என்ன செய்யலாம் என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறு, பொட்டு, பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி என்று ஒவ்வொன்றாகப் பேசுகிறது அது. நம் ஊர்க் கல்வியாளர்கள் எத்தனை பேர் அதை ஒருமுறை முழுதாகப் படித்தார்கள்? எதிர்ப்புக் கூட்டங்களுக்கு மட்டும் ஆள் சேர்ந்தது.

செப்டிக் டேங்க் பற்றிப் பேசாமல் இந்தப் பட்டியலை முடிக்க முடியாது. ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும், ஒவ்வொரு அடுக்குமாடிக்கும், ஒவ்வொரு கல்லூரி விடுதிக்கும் ஒன்று இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் மனிதனை அதற்குள் இறக்குவதைக் குற்றம் என்கிறது. முதல்முறை செய்தாலே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். செத்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. தொகைதான் ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. அந்தக் குழிக்குள் இறங்கச் சொல்லி போன் போடுவது யார்? பில்டிங் செகரட்டரி. அவர் ஒரு டாக்டர், அல்லது ஓய்வு பெற்ற பேராசிரியர், அல்லது வங்கி மேலாளர். பயிலரங்கில் முதல் வரிசையில் உட்காரப்போகிறவர். என் கட்டடத்தில் ஒருவரும் உள்ளே இறங்க மாட்டார், இயந்திரம் வரும்வரை நாங்கள் நாற்றத்தோடு இருப்போம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட அவருக்கு எந்தப் பயிற்சியாளரும் தேவையில்லை.

வீடு வாடகைக்கு விடுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 'சைவம் மட்டும்' என்ற பலகைக்கும், "நீங்க எந்தப் பக்கம், சொந்த ஊரு எது, அங்க எந்தத் தெரு" என்ற விசாரணைக்கும் நீங்கள் எல்லோருமே பதில் சொல்லியிருப்பீர்கள்.

திருப்பரங்குன்றத்தில் இருந்துகொண்டு மலையைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் முடியாது. பதினாறுகால் மண்டபத்தில் நின்று பார்த்தால் முருகன் கோயில் கோபுரம், மேலே சிக்கந்தர் தர்கா, பாறையில் சமணர் தடம், எல்லாம் ஒரே மலையில். கிரிவலம் போகிறவருக்கு வழியில் சோடா விற்கிறவர் யாராகவும் இருப்பார். 2025 பிப்ரவரியில் இந்த மலையின் பேரைச் சொல்லி மாவட்டம் முழுக்க இரண்டு நாள் தடை உத்தரவு. டிசம்பரில் தீபத்தூண் விவகாரம், மறுபடி போலீஸ், தடுப்பு வேலி, டிவி வண்டிகள். பூக்கடை அக்காவும் ஆட்டோ அண்ணன்களும் "எங்க பொழப்பக் கெடுக்காதீங்க" என்று தெளிவாகச் சொன்னார்கள். படித்தவர்கள்? ஒன்றிரண்டு பேர் பேசினார்கள், மறுக்கவில்லை. மற்றபடி வாட்ஸ்அப் குழுக்களில் பார்வர்டுகள்தான் ஓடின. மலையில் யாருக்கு எது சொந்தம் என்று 1931லேயே லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தீர்ப்பு வந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு என்ன சொல்கிறது, எது கோயிலுக்கு, எது தர்காவுக்கு என்று தன் தெருக்காரர்களை உட்காரவைத்து அரை மணி நேரம் பச்சைத் தமிழில் விளக்க ஒரு சீனியர் வக்கீலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் செய்திருந்தால் அதுதான் தலைமை. அரிசி மூட்டை கொடுப்பது அடுத்த புயலுக்கு இருக்கட்டும்.

"அப்ப ரத்ததானம், கண் சிகிச்சை முகாம் எல்லாம் வேணாங்கிறீங்களா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று எவன் சொன்னான்? இதே மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று, மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களோடு, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்கிறவர் கட்டணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் அதே அறுவை சிகிச்சை. அவர் தன் தொழில் நடக்கும் முறையையே மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நல்லவராக இருப்பதற்கும் இதற்கும் ரொம்ப தூரம். நான் கேட்பதும் அதுதான், தொழிலுக்கு வெளியே தொண்டு செய்யாதீர்கள், தொழிலுக்குள் செய்யுங்கள். வாழைப்பழம் கொடுக்கும் கை, ஏ.ஆர். காப்பி எழுதும்போது நடுங்குகிறது என்றால் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?

இனி நம்மைப் பற்றி. நம்மிலிருந்து படித்து மேலே போனவர்களைப் பற்றி. 1956 மார்ச்சில் ஆக்ராவில் அம்பேத்கர் மனம் உடைந்து பேசினார். படித்தவர்கள் சமூகத்துக்குத் திருப்பிச் செய்வார்கள் என்று நம்பினேன், தங்கள் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்கிறார்கள் என்று வருந்தினார். இந்தப் பேச்சை எடுத்துச் சொல்லி முதல் தலைமுறை தலித் மருத்துவரையும் பொறியாளரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் இயக்கங்களில் ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாதியை மறைத்துத் திருநகரில் வாடகை வீட்டில் இருக்கும் ஓர் இளம் டாக்டரிடம் போய் "ஏன் முன்னால் வரவில்லை" என்று கேட்பது சுலபம். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் அடுத்த மாதம் அவர் எங்கே போவார்? இழப்பதற்கு அதிகம் இருப்பவரிடம் கடைசியில் கேளுங்கள். பாட்டன் காலத்தில் இருந்து வீடும் பெயரும் பார் கவுன்சிலில் செல்வாக்கும் உள்ளவரிடம் முதலில் கேளுங்கள். அதிலும் இடைநிலைச் சாதிகளில் பெரியார் படம் மாட்டிய வரவேற்பறையும், பிள்ளைக்குச் சொந்தச் சாதியில் வரன் தேடும் மேட்ரிமோனி கணக்கும் சேர்ந்தே வைத்திருப்பவர்களிடம் இரண்டு முறை கேளுங்கள்.

ஆனாலும் திருப்பிச் செய்தல் நடந்திருக்கிறது. அது எப்படித் தொடங்கியது என்பதைப் பாருங்கள். 1960களில் புனேயில் பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் கன்ஷிராம் விஞ்ஞானி. நல்ல சம்பளம், அரசு வேலை. அங்கே அம்பேத்கர் பிறந்தநாள் விடுமுறையை ரத்து செய்தார்கள். எதிர்த்து நின்றவர் தினாபானா என்ற கடைநிலை ஊழியர், துப்புரவுச் சாதியில் பிறந்தவர். வேலை போனாலும் போகட்டும் என்று நின்றார். அவரைப் பார்த்துத்தான் கன்ஷிராம் மாறினார். பிறகு வேலையை விட்டார், 1978 டிசம்பர் 6ஆம் நாள் பாம்செஃப் அமைப்பைத் தொடங்கினார். படித்து உத்தியோகத்துக்கு வந்தவன் சமூகத்துக்குக் கடன்பட்டவன் என்பதுதான் அதன் அடிப்படை. விஞ்ஞானிக்குத் தலைமையைக் கற்றுக் கொடுத்தவர் கடைநிலை ஊழியர். கட்டணம் வாங்கவில்லை, சான்றிதழும் கொடுக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் இன்னும் பத்து ஆண்டில் அந்த முதல் வரிசையில் உட்காரப்போகிறவர்கள். நீங்கள் இன்று சட்டக் கல்லூரியில், மருத்துவக் கல்லூரியில், பொறியியல் கல்லூரியில் இருக்கிறீர்கள். பேராசிரியரைத் திட்டி மீம் போடுகிறீர்கள், நல்லது. ஹவுஸ் சர்ஜனாக முதல் இரவுப் பணியில் சீனியர் வந்து "விழுந்ததுன்னு போட்டுருப்பா, எதுக்கு கோர்ட்டுக்கு அலையணும்" என்று சொல்லும்போது நீங்கள் என்ன எழுதுவீர்கள்? ஜூனியராகச் சேர்ந்த அலுவலகத்தில் குற்றவாளித் தரப்பு சாதிச் சங்கம் கட்டுக்கட்டாகப் பணத்தோடு வந்து உட்காரும்போது யாருக்கு டீ வாங்கி வருவீர்கள்? தனியாக நின்றால் உடைந்துவிடுவீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இரத்தினத்தைப் போல எல்லோராலும் இருபது ஆண்டு தனியாக இழுக்க முடியாது. அவரை நாம் தனியாக இழுக்க விட்டதே நம் தவறு. பத்து வக்கீல், ஐந்து டாக்டர், நான்கு ஆசிரியர், இரண்டு பொறியாளர், ஒரு ஆடிட்டர் சேர்ந்து, தூய்மைப் பணியாளர் சங்கமும் காலனி மக்களும் வரச்சொல்லும் இடத்துக்கு வந்து, அவர்கள் சொல்லும் வேலையை முறை போட்டுச் செய்ய ஓர் ஏற்பாடு திருப்பரங்குன்றத்தில் இன்றுவரை இல்லை.

அழைப்பிதழ் கொடுத்த தம்பிக்கு நேற்று போன் செய்தேன். ஒரு யோசனை சொன்னேன். சென்னைப் பயிற்சியாளர் பேசட்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் மட்டும், மண்டபத்தைச் சுத்தம் செய்யும் அக்காமார் மூன்று பேர் மேடையில் நாற்காலி போட்டு உட்காரட்டும். இந்த ஊர் மருத்துவமனையில், நீதிமன்றத்தில், பள்ளியில், வாடகை வீட்டில் தங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லட்டும். பெரியவர்கள் குறுக்கே பேசாமல் கேட்கட்டும். கடைசியில் அவர்கள் கேட்கும் மூன்று காரியத்துக்கு அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். சான்றிதழை அதற்குப் பிறகு கொடுங்கள்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல யோசனைதாண்ணே. ஆனா நிகழ்ச்சி நிரல் அச்சாகிடுச்சே. கமிட்டில கேட்டுச் சொல்றேன்" என்றார்.

இன்னும் கூப்பிடவில்லை. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்த மண்டப வாசலில் நான் இருப்பேன். அக்காமார்களிடம் பேசிவிட்டேன், வேலை முடிந்ததும் பேசத் தயார் என்றிருக்கிறார்கள். திருநகர் பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். வரக்கூடியவர்கள் வாருங்கள்.